கொலுப்படியில் ஒழுகிய வீடு

பம்பாய் மாடுங்காவில் அப்போதெல்லாம் யார் வீட்டுக் கொலுவுக்குப் போனாலும் படிகளுக்குக் கீழே ஒரு திருப்பதி மலை இருக்கும். பழுப்புக் காகிதத்தைக் கசக்கிக் கஞ்சி போட்டு நிமிர்த்திய மலை. அதன் அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு குளம், குளத்தில் இரண்டு செல்லுலாய்டு வாத்து. எங்கள் வீட்டிலும் அதேதான். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் ஆசையாகச் செய்தேன். இரண்டாம் வருஷம் கடமைக்குச் செய்தேன். மூன்றாம் வருஷம் அந்த வாத்துகளை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த வருஷம் மலை கிடையாது. நம்ம பில்டிங்கைப் பண்ணப்போறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா அவர். சாது. எதிர்த்து ஒரு வார்த்தை பேச நாலு நாள் யோசிப்பார். "நம்ம பில்டிங்கையா? அதை யார் வந்து பாப்பா? எல்லாரும் அதுக்குள்ளதானே இருக்கா?"

"உள்ளயே இருக்கறதாலதான் ஒருத்தரும் அதைச் சரியாப் பாத்ததில்லை" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இப்போதும் அப்படித்தான்.

உலக யுத்தம் முடிந்திருந்தது, சிமெண்டுக்கு மட்டும் இன்னும் பெர்மிட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது மூன்று மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் நீளமாக ஒரு காலரி, அதில் வரிசையாகக் கதவுகள். மூன்றாம் மாடியில் கடைசி அறை எங்களுடையது. ஓர் அறை, ஒரு சமையலறை, அதில் நான், அவர், என் மாமியார் மூன்று பேர். அது எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். பாலக்காட்டில் எங்கள் வீட்டில் எட்டு அறை. எட்டிலும் எனக்கு மூச்சு முட்டும். இங்கே காலரியில் நின்றால் கீழே டிராம் போகும், கறிகாய்க்காரி கத்துவாள், எதிர்க் கட்டடத்தில் யாரோ ஆர்மோனியம் பழகுவார்கள். சமைத்துக்கொண்டே ஊர் சுற்றிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அவருடைய ஆபீஸ் அடிக்கோலை வாங்கிக் கதவு, ஜன்னல், காலரி எல்லாம் அளந்தேன். கட்டட உயரத்துக்கு மாடிப்படி ஒன்றை அளந்து, மற்றதை எண்ணிப் பெருக்கினேன். ஜவுளிக்கடை அட்டைப்பெட்டிகளை இரண்டிரண்டாக ஒட்டினால் சுவர். மைதாப் பசையில் துளி மயில்துத்தம் கலந்தேன், இல்லாவிட்டால் கரப்பான் வந்து மூன்று மாடியையும் தின்றுவிட்டுப் போகும். தலை கிள்ளிய தீக்குச்சிகள் காலரிக் கிராதி ஆயின. ஈர்க்குச்சியில் காகிதம் சுற்றி மழைத்தண்ணீர்க் குழாய். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குத் தலைவலித் தைலக் குப்பியின் மூடி. காலரிக் கொடிகளில் பழைய வேட்டியைக் கிழித்து விரல் நீளப் புடவைகளைக் காயப்போட்டேன். எங்கள் அறைக்கு மட்டும் முன்சுவர் வைக்கவில்லை. உள்ளே கூரையும் சுவரும் தெரியட்டும் என்று திறந்து விட்டிருந்தேன்.

செய்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் கட்டடம் மாதிரி இல்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரி பளிச்சென்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் அப்பா வந்தார். எனக்கு நாலாம் மாசம். முதல் பேரக்குழந்தை என்று ஒரு டின் நேந்திரங்காய் வறுவலைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார். வந்த அன்று நல்ல மழை. ஆவணி மாசத்து பம்பாய் மழையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. எங்கள் அறையில் மூன்று இடத்தில் ஒழுகும். ஒன்றின் கீழே தவலை, ஒன்றின் கீழே உருளி, மூன்றாவதன் கீழே பேப்பர் விரித்து வைப்போம். அப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தார். நாலாவதாக ஓர் இடம் அன்றைக்குப் பார்த்துத் திறந்துகொண்டு, நேராக அவர் காதில் விட்டது.

அலறியடித்துக்கொண்டு எழுந்தார். காதைக் குடைந்தபடி கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மூலையில் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் இறங்கியிருந்தது. மத்தியில் காப்பி கொட்டினாற்போல் பழுப்புக் கறை. தொட்டில் கட்டுவதற்கென்று என் மாமியார் பார்த்து வைத்திருந்த கொக்கி அந்தக் கறைக்கு நடுவில் இருந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும் அப்பா சொன்னார். "மாப்ளே, தப்பா எடுத்துக்கப்படாது. பிரசவம் எங்காத்துல. அது எப்படியும் வழக்கம். ஆனா இந்தக் கூரையைச் சரிபண்ணாம கொழந்தையையும் பெண்ணையும் திருப்பி அனுப்பமாட்டேன். ஒரு வருஷமானாலும் சரி, ரெண்டு வருஷமானாலும் சரி."

"ஆகட்டும்" என்றார் இவர். வேறென்ன சொல்வார் பாவம்.

ஒரு வருஷம் அந்த எட்டு அறை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இந்த மனுஷனைத் தபாலில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். அதை அந்தக் காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், இப்போது சொல்கிறேன். அன்றைக்கு இரவு சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் அழுது தீர்த்தேன்.

கூரையைச் சரிசெய்ய வேண்டியவர் சேட். கட்டடத்துச் சொந்தக்காரர், குஜராத்தில் கட்ச் பக்கத்து மனுஷர், இரண்டு தெரு தள்ளி இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் முழங்கால் வலி என்று முதல் மாடிக்கு மேல் ஏறினதே கிடையாது. யார் ஒழுகல் என்று போய்ச் சொன்னாலும் அவரிடம் ஒரே மருந்துதான். "சூனா லகா தேங்கே." சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்று அர்த்தம். சிமெண்டுக்குப் பெர்மிட் வேண்டும், சுண்ணாம்புக்கு வேண்டாமே. வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால் ஆள் வருவான், கறை மேல் வெள்ளையடித்துவிட்டுப் போவான். அறை முத்து மாதிரி இருக்கும், அடுத்த மழை வரைக்கும். இப்படிப் பூசி மெழுகியே ஆறேழு வருஷம் ஓட்டிவிட்டார்.

"சேட் கிட்ட நன்னா அழுத்திச் சொல்லுங்கோளேன்" என்றேன் இவரிடம், அப்பாவை ஊருக்கு ரயிலேற்றிவிட்டு வந்ததும்.

"சொல்லலாம். அவர் மனசு கோணித்துன்னா? இந்த ஊர்ல இன்னிக்கு ரூம் போச்சுன்னா திரும்பக் கிடைக்குமோ?"

அதுவும் வாஸ்தவம்தான். ஊர்க்கோடியில் அந்தேரிக்கு அப்பால்கூட அறை கிடைக்காத காலம்.

எனக்கு இருந்த ஒரே வழி சேட்டாணி, அதாவது சேட்டின் மனைவி. நவராத்திரியில் ஒரு நாள் அந்த அம்மாள் எங்கள் கட்டடத்துக்கு வந்து வீடு வீடாக ஏறி, கொலு பார்த்து, குங்குமம் இட்டுக்கொண்டு, சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போவாள். சுண்டலுக்காக மூன்று மாடி ஏறுகிற ஆத்மா. ஆனால் அவள் வரும்போது வெள்ளையடித்து முடிந்திருக்கும். அறையைப் பார்த்தால் ஒழுகல் என்று யார் நம்புவார்கள்? தாம்பூலத்துக்கு வந்த சுமங்கலியிடம் குறை சொல்லி அழுவதும் அழகில்லை.

என் பொம்மைக் கட்டடம் மூலையில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சுரீரென்று உறைத்தது. வெள்ளையடிக்கிறவன் வருவதற்குள் எங்கள் கூரையில் இருக்கிற கறை அத்தனையையும் அதில் ஏற்றிவிட்டால்? நான் வாயைத் திறக்கவே வேண்டாம், கொலுவே சொல்லிவிடும்.

அதிலிருந்து மத்தியானமெல்லாம் அதே வேலை. புதுசை அழகாகச் செய்வது சுலபம், அழுக்கை அளவாகச் செய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். கூரைக் கறைக்குக் காப்பி டிகாக்ஷன். முதல் டிகாக்ஷன் கறுத்துப்போனது, இரண்டாம் டிகாக்ஷனை நாலு தடவை தடவிக் காயவிட்டால் ஓரத்தில் கோடு கட்டிக்கொண்டு அசல் ஒழுகல் கறை மாதிரியே வந்தது. துருப்பிடித்த ஆணியைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் குழாயடியில் ஒழுகவிட்டேன். பாசிக்கு, காய்ந்த மருதாணி இலையைப் பொடித்துப் பசைமேல் ஊதினேன். பூசணத்துக்கு விளக்குக் கரி. காரை பெயர்ந்த இடத்துக்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தேன். பசையில் கல்லுப்பை ஒட்டி, மேலே சுண்ணாம்பு தடவிக் காயவைத்து, பிறகு உப்பை உதிர்த்துவிட்டால் சுவர் அப்படியே பொக்கை பொக்கையாக நிற்கும். கூரையை அண்ணாந்து பார்ப்பேன், குனிந்து ஒரு சொட்டு வைப்பேன். கழுத்து வலி உயிர் போகும். ஆனால் சந்தோஷமாக இருந்தது. என்னைத் திட்டின கூரையை நான் திருப்பித் திட்டுகிற மாதிரி இருந்தது.

இவர் ஒரு நாள் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, தன்னையறியாமல் தலையை நகர்த்திக்கொண்டார். "சொட்டிடுமோன்னு பயமா இருக்கு" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம்.

நவராத்திரிக்கு முதல் வாரம் வெள்ளையடிக்கிறவன் வந்தான். அறைக் கறையெல்லாம் மறைந்தது. எனக்குக் கவலையில்லை, என் கறை பத்திரமாக அட்டையில் இருந்தது. மறுநாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் மாமியார் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஒரு துணிச்சுருள். பக்கத்தில் வெள்ளையடிக்கிறவன் விட்டுப்போன மிச்சச் சுண்ணாம்பு. எதிரே என் கட்டடம், மொட்டைமாடி முதல் மாடிப்படி வரை வெள்ளை வெளேரென்று. அடியில் செம்மண்ணில் காவிப் பட்டை வேறு.

"அம்மா! என்ன பண்ணிட்டேள்?"

"ஏண்டீ கத்தறே? கறை புடிச்ச வீட்டைக் கொலுவில வைப்பாளோ? அதுவும் நீ புள்ளத்தாச்சி. கண்ணு கொண்டு பாக்கிறதெல்லாம் லட்சணமா இருக்கவேண்டாமோ? உனக்குக் குனிய முடியலையேன்னு நானே அடிச்சுட்டேன். பாரு, எவ்வளவு நன்னா இருக்கு!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளை என்ன சொல்வது? என் வயிற்றுப் பிள்ளைக்காகச் செய்திருக்கிறாள். விரலெல்லாம் சுண்ணாம்பில் வெந்து சிவந்திருந்தது. நான் போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து அவள் விரலுக்குத் தடவினேன். தடவிக்கொண்டே மனசுக்குள் அவளைத் திட்டினேன். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தது. மறுபடி கறை வைக்க நேரமில்லை. போச்சு, பாலக்காடுதான் என்று முடிவுகட்டிக்கொண்டு கட்டடத்தைக் கீழ்ப்படியில் வைத்தேன்.

கொலுவின் இரண்டாம் நாள் காலையில் விளக்கேற்றும்போது பார்த்தேன். அட்டைக் கட்டடத்தில் எங்கள் அறைக் கூரையில், அத்தனை வெள்ளைக்கும் நடுவில், லேசாக ஒரு மஞ்சள் வட்டம். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் நாள் அது பழுப்பானது. நாலாம் நாள் ஓரத்தில் கோடு கட்டிக்கொண்டது. அப்புறம் குழாயடித் துரு கசிந்து வந்தது. நான் தடவின டிகாக்ஷன் சும்மா இருக்கவில்லை, சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. முன்னைவிட அசலாக இருந்தது. வருஷா வருஷம் எங்கள் அறையில் எப்படி வருமோ அப்படியே. நான் வேண்டுமென்று செய்திருந்தால்கூட இப்படி வந்திருக்காது.

"ஐயோ, மறுபடி அடிக்கட்டுமா?" என்று மாமியார் துணியைத் தேடினாள்.

"தொட்டேளோ, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்றேன். அவள் பயந்து போய்ச் சுண்ணாம்புச் சட்டியைக் காலரியில் கொண்டு வைத்துவிட்டாள்.

ஏழாம் நாள் சேட்டாணி வந்தாள். மூச்சு வாங்க உட்கார்ந்து, கொண்டைக்கடலைச் சுண்டலை ரசித்துச் சாப்பிட்டாள். கொலுவில் கட்டடத்தைப் பார்த்ததும் "அரே, ஹமாரா மகான்!" என்று குழந்தை மாதிரி குதூகலித்தாள். எங்கள் வீடு என்கிறாள். குனிந்து கிராதியைத் தொட்டாள், கொடியிலிருந்த குட்டிப் புடவைகளை எண்ணிச் சிரித்தாள்.

இப்போது என் மாமியாருடைய இந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். கறிகாய்க்காரியிடம் படித்த இந்தி. ஆனால் தைரியம் ஏராளம். வீட்டுக்கு வந்த பெரிய மனுஷியிடம் அவள் புருஷனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைத்தாள். வருஷம் தவறாமல் சேட் எங்களுக்கு வெள்ளையடித்துக் கொடுக்கிறாரே, அதற்கு நன்றி சொல்லலாமென்று கையைக் கூப்பிக்கொண்டு, முகம் மலரச் சொன்னாள்.

"சேட்ஜி பஹுத் அச்சா. ஹர் சால் ஹம்கோ சூனா லகாதா!"

எனக்கு உயிர் போய்விட்டது. சுவருக்கு சூனா லகாயித்தால் அது வெள்ளையடிப்பது. மனுஷாளுக்கு லகாயித்தால் அது வேறே. நம் பக்கம் ஒருத்தனை ஏமாற்றினால் நாமம் போட்டான் என்போமே, பம்பாயில் அதற்கு சூனா லகாயா என்பார்கள். சேட் ரொம்ப நல்லவர், வருஷா வருஷம் எங்களுக்கு நாமம் போடுகிறார் என்று, அவர் பெண்டாட்டியிடமே, கும்பிட்டுச் சொல்லியிருக்கிறாள் என் மாமியார்.

சேட்டாணி வாயில் சுண்டலோடு அப்படியே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாமியாரும் சந்தோஷமாகக் கூடச் சிரித்தாள். நான் மட்டும் மூஞ்சியில் ஈயாடாமல் நின்றேன்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அவள் பார்வை கட்டடத்தின் மேல் மூலையில் நின்றது. திறந்திருந்த சின்ன அறை, அதன் கூரையில் வெள்ளையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்த பழுப்பு. "யே க்யா?" என்றாள், இது என்ன என்று விரலை நீட்டி.

"எங்க ரூம்" என்றேன் இந்தியில். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டு சாதித்தது அந்த ஒரு தடவைதான்.

நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு சுவர் மூலைக்குப் போனாள். சாவியால் ஒரு கீறு கீறினாள். சுண்ணாம்பு பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது. உள்ளே ஈரமாக, கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். சாவியைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். என் வயிற்றைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள். தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் இவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ரூம் போச்சு. அம்மா, உன்னை யாரு இந்தி பேசச் சொன்னா?" மாமியாருக்கு அர்த்தத்தை விளக்கினோம். முதலில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "நடக்கிறதைத்தானேடா சொல்லியிருக்கேன்" என்றாள்.

மறுநாள் காலையில் மாடிப்படியில் தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. சேட். மூன்றாம் மாடிக்கு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்துவிட்டார். மாடிக்கு மாடி கதவுகள் திறந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் நேரே உள்ளே வந்து, என் மாமியாரைப் பார்த்து, "மாஜி, மைனே ஆப்கோ சூனா லகாயா?" என்றார். உங்களுக்கு நாமம் போட்டேனா நான்?

பாதி ராத்திரி வரை மன்னிப்பு வார்த்தை சொல்லிக்கொடுத்தும், பயத்தில் என் மாமியாருக்கு வந்தது இவ்வளவுதான். "ஹாம் ஹாம், பஹுத் அச்சா!" ஆமாம் ஆமாம், ரொம்ப நன்றாக!

சேட் அவளையே பார்த்தார். மீசை துடித்தது. அடக்கப் பார்த்து முடியாமல், பெருமூச்சோடு சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொலுவில் கட்டடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கறை எப்படி வந்தது என்று கேட்டார். காப்பி என்றேன். அதுவும் சூனாவுக்கு அடங்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். தடியை ஊன்றிக்கொண்டு மொட்டைமாடிக்கும் ஏறினார். இறங்கி வந்து, தீபாவளி கழிந்ததும் கூரை வேலை என்றார். அதுவரை வீட்டில் தனக்கு ரொட்டி கிடையாதாம், பெண்டாட்டி சொல்லிவிட்டாளாம். இவருக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

சொன்னபடி செய்தார். பெர்மிட் எங்கே பிடித்தாரோ தெரியாது. மொட்டைமாடியைக் கொத்தியெடுத்து, செங்கல் துண்டு பரப்பி, சிமெண்டு போட்டு, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி ஊறவைத்தார்கள். மேலே கட்டை தட்டுகிற சத்தத்தில் எங்களுக்குப் பேச்சே கேட்காது. எனக்கு அது நாயனமாக இருந்தது. வளைகாப்பு முடிந்து பாலக்காடு போனேன். தை மாசம் பெண் பிறந்தாள். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை, என் வீட்டுக்காரர் நேரில் வந்து சத்தியம் செய்தபின்தான் மே மாசக் கடைசியில் ரயிலேற்றிவிட்டார்.

வந்த பத்துப் பதினைந்து நாளில் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம், வானம் இருட்டி, கொட்டு கொட்டென்று கொட்டியது. என் மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நானும் பார்த்தேன். பழக்க தோஷத்தில் தவலையை எடுத்து நடுவில் வைத்திருந்தேன். காலரி முழுக்கத் தண்ணீர் அடித்தது. கூரையிலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

"ஒழுகறதுடீ!" என்று மாமியார் வீறிட்டாள்.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கூரையைப் பார்க்கிறேன், எங்கே என்று தெரியவில்லை. அவள் புடவை மடியில் தெப்பமாக நனைந்திருக்கிறது. அதற்கு நடுவில் என் பெண் காலை உதைத்துக்கொண்டு, பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறாள்.

சாயங்காலம் இவர் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு ஓடிவந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றபடியே கூரையைப் பார்த்தார். "ஒழுகித்தா?"

"ஒழுகித்து" என்றாள் என் மாமியார், பேத்தியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தபடி. "ஆனா மேலேர்ந்து இல்லே."